அறிவியல் புனைவுப் படத்துக்கு வீட்டோடு போவதா: எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

தமிழ்நாடு-ஆந்திர எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டியில் தொடங்கி எளாவூர், ஆரம்பாக்கம், தடா தாண்டி சூலூர்பேட்டை வரை உள்ள வீடுகளில், பெரிய ஹாலிவுட் அறிவியல் புனைவுப் படம் வெளியாகும் வாரத்தில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். கல்லூரிப் பிள்ளைக்கு முதல் நாளே போக வேண்டும். சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வரும் அப்பாவுக்கு, "அந்த நீலக் கலர் ஆளுங்களை மூணு மணி நேரம் எவன் பார்ப்பான்?" என்ற சந்தேகம். அம்மாவுக்குப் படத்தைவிடத் தலைவலி பற்றிய கவலை. பாட்டியைக் கூட்டிப்போவதா என்று யாரும் கேட்பதுகூட இல்லை.

படம் நன்றாக இருக்கிறதா என்று விசாரித்து மட்டும் இந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்க முடியாது. ஏறக்குறைய 35 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பட்டையிலும் அதற்குத் தெற்கே சென்னையிலுமாக, ஒரே படம் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும், 2டி, 3டி என்று இரண்டு வடிவங்களிலும், முப்பதடித் திரையிலிருந்து நூறடித் திரை வரையிலும் ஓடும். இவற்றில் எதைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே அப்பா கண் கொட்டாமல் பார்க்கவும் செய்வார், இடைவேளையில் வண்டிச் சாவியைத் தேடவும் செய்வார். இளைஞர்கள் பெரும்பாலும் திரையின் அளவைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு, எந்த மொழி கிடைக்கிறதோ அதில் உட்கார்ந்துகொள்கிறார்கள். அறிவியல் புனைவில் தனி ஆர்வம் இல்லாத பெரியவர்களுக்கு வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: முதலில் மொழி, பிறகு நீளம், பிறகு 2டியா 3டியா, திரையின் அளவு கடைசியில்.

பெரியவர்கள் எதில் விலகுகிறார்கள்

"நம்ம ஆளுங்களுக்கு சயின்ஸ் புரியாது" என்ற பேச்சை முதலில் ஓரம் வைத்துவிடலாம். மொட்டை மாடியிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டை இரண்டு தலைமுறையாகப் பார்த்து வரும் ஊர்க்காரர்கள் இவர்கள். பிரம்மாண்டமும் புதிதல்ல. 1957-இல் 'மாயாபஜார்' தெலுங்கிலும் தமிழிலும் சேர்த்தே எடுக்கப்பட்டது. லட்டு தானாகப் பறந்து கடோத்கஜன் வாய்க்குள் போனதை இந்தப் பக்கத்துத் தாத்தா பாட்டிகள் இரண்டு மொழியிலும் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அந்தத் தந்திரக் காட்சிகள் அத்தனையும் ஒரு கல்யாணப் பிரச்சினையின் மீது தொங்கிக்கொண்டிருந்தன. கல்யாணம் யாருக்கு யாரோடு என்பது புரிந்துவிட்டால், பாயும் சொம்பும் பறப்பதற்குக் காரணம் கேட்க யாருக்கும் தோன்றாது.

அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். படத்தின் கதையை, அதில் வரும் கற்பனைப் பெயர் ஒன்றையும் சொல்லாமல், உறவை மட்டும் வைத்து ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா? 2022-இல் வந்த இரண்டாவது 'அவதார்' படத்தை "வீட்டை விட்டு ஓடி வந்த குடும்பம், கடற்கரை ஜனங்களிடம் அடைக்கலம் கேட்கிறது" என்று சொல்லிவிடலாம். பழவேற்காடு ஏரிக்கரையில் இருப்பவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். இப்படிச் சொல்ல வராத படங்களும் உண்டு. காலம் முன்னும் பின்னும் மடிவது, ஒரே ஆள் நான்கு பிரபஞ்சங்களில் நான்கு விதமாக இருப்பது, மூன்று கிரகத்து அரச குலங்கள் ஒரு சாசனத்துக்காகச் சண்டையிடுவது போன்றவை. நல்ல படங்களாகவே இருக்கலாம், ஆனால் குடும்பத்தோடு போவதற்கானவை அல்ல.

பெரியவர்கள் விலகும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. முதல் இருபது நிமிடத்தில் பத்துப் பதினைந்து புதுப் பெயர்களைக் கொட்டும் பகுதி ஒன்று. முந்தைய பாகத்தைப் பார்த்திருந்தால்தான் புரியும் காட்சி இன்னொன்று. இது தொடர்ச்சிப் படம் என்றால், முந்தைய கதையைத் தமிழிலோ தெலுங்கிலோ பத்து நிமிடத்தில் சொல்லும் காணொளியை முதல் நாள் இரவு காட்டிவிடுவது உண்மையாகவே உதவுகிறது. வண்டியில் போகும்போது பிள்ளைகள் வாயால் சொல்வது உதவுவதில்லை. அவர்கள் தங்களுக்குப் பிடித்த காட்சியைத்தான் சொல்வார்கள், கதையைச் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது, கடைசி முக்கால் மணி நேரச் சண்டை. வானத்தில் எல்லாம் வெடித்துக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் யாராவது குறட்டை விட்டால் வியப்படைய வேண்டாம். சத்தமும் வெளிச்சமும் ஒரே அளவில் அரை மணி நேரத்துக்கு நீடித்தால், காதும் கண்ணும் அதற்குப் பழகி உணர்ச்சி மங்கிவிடும்.

மொழி: முடிவின் பாதி இங்கே

எல்லைப் பக்கத்தில் மொழி அவ்வளவு எளிதாகப் பிரிவதில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் நிறைய. தடா, சத்தியவேடு பக்கம் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. "எங்களுக்கு ரெண்டும் ஓகே" என்பார்கள். சாதாரணக் குடும்பப் படத்துக்கு அது உண்மைதான். அறிவியல் புனைவுக்கு அப்படியே பொருந்தாது. எல்லையோரத்து வீட்டுத் தெலுங்கில் பாதி தமிழ் கலந்திருக்கும். டப்பிங்கில் வருவது கிருஷ்ணா, குண்டூர் பக்கத்துச் சாயல் கொண்ட சினிமாத் தெலுங்கு. படையெடுப்பு, ஆற்றல், கதிர்வீச்சு, ஒப்பந்தம் என்று வசனம் கனமாகும் இடங்களில் வீட்டுத் தெலுங்கு கைகொடுக்காது. எந்த மொழியில் செய்தி பார்க்கிறாரோ அந்த மொழியில் படம் பார்க்கச் சொல்வதுதான் பாதுகாப்பான வழி. வீட்டில் தெலுங்கு பேசினாலும் தமிழ்ச் செய்தி பார்ப்பவருக்குத் தமிழ்ப் பதிப்புதான் ஏற்றது.

டப்பிங் எங்கே சறுக்குகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. படத்தைத் தயாரித்த நிறுவனம் வசனத்தை நீக்கி, இசையும் ஒலிக்குறிப்புகளும் மட்டும் உள்ள ஒலித்தடத்தை அனுப்பும். அதன்மேல் இங்கே குரலை ஏற்றுவார்கள். மூலத்தில் நடிகர் குகைக்குள் பேசினால் குகையின் எதிரொலியும் வாக்கியத்துக்கு நடுவில் வாங்கிய மூச்சும் குரலோடு சேர்ந்திருக்கும். டப்பிங் கூடத்தில் பேசியதற்கு அந்த எதிரொலியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டால், விண்வெளிக் கப்பலின் மறுகோடியில் நிற்பவர் நம் காதருகே வந்து பேசுவதுபோல ஒலிக்கும். "டப்பிங் படம் மாதிரியே இருக்கு" என்ற குறைக்கு, வார்த்தைகளைவிட இதுதான் பெரிய காரணம்.

அடுத்தது உதடு. ப, ம ஒலிகளுக்கு உதடு மூட வேண்டும். திரையில் உதடு மூடும் இடத்தில் அந்த ஒலி வராவிட்டால் கண் உடனே கண்டுகொள்ளும். தமிழிலும் தெலுங்கிலும் வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதால், ஆங்கிலத்தில் முதலிலேயே சொல்லப்பட்ட சேதி நம் வாக்கியத்தின் இறுதியில்தான் வந்து சேரும். முகபாவம் முந்திக்கொள்ளும், சேதி பிந்தும். வாக்கியம் நீள்வதால் வேகமாகவும் பேச வேண்டியிருக்கும். இதில் ஒரு விசித்திரமும் உண்டு: பேச்சையே நம்பிய நாடகப் படங்களைவிட அறிவியல் புனைவில் டப்பிங் நன்றாக உட்காரும். பாதி நேரம் பாத்திரங்கள் ஹெல்மெட்டுக்குள் இருப்பார்கள், மீதி நேரம் கணினியில் வரைந்த முகமாக இருப்பார்கள், இல்லையென்றால் கேமரா தொலைவில் இருக்கும். உதட்டைப் பார்க்க வாய்ப்பே குறைவு. ஆக, "டப்பிங்கில் பார்த்தால் கெட்டுப்போகும்" என்ற பிள்ளைகளின் வாதம் இந்த வகைப் படத்துக்குத்தான் மிகக் குறைவாகப் பொருந்துகிறது.

ஆங்கிலப் பதிப்பில் பெரும்பாலும் ஆங்கில வசன வரிகள் ஓடும். சரளமாகப் படிக்க வராதவருக்கு அதனால் பயன் இல்லை. படிக்க வருபவருக்கும் ஒரு நஷ்டம் உண்டு: கண் கீழே வரியில் இருக்கும் நேரமெல்லாம் மேலே படம் ஓடிவிடும். எந்தக் காட்சிக்காகக் காசு கொடுத்தோமோ அதையே தவறவிடுகிறோம். 3டியில் இன்னும் மோசம். வசன வரி ஓர் ஆழத்திலும் முகம் வேறோர் ஆழத்திலும் மிதப்பதால், கண் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் தாவ வேண்டும். இரண்டரை மணி நேரம் இப்படித் தாவினால் தலைவலி வராமல் இருந்தால்தான் அதிசயம்.

ஆங்கிலத்தில்தான் பார்ப்பேன் என்று பிள்ளை அடம்பிடித்தால் அவன் நண்பர்களோடு தனியாகப் போகட்டும். குடும்பத்துக்கான பதிப்பைத் தீர்மானிக்க வேண்டியது வீட்டில் மூத்தவரின் காது.

மூன்று திரைகள்

சூலூர்பேட்டையில் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி 2019 ஆகஸ்ட் கடைசியில் திறந்த 'வி எபிக்' திரை நூறடிக்கு மேல் அகலம். அறுநூறுக்கு மேல் இருக்கைகள், பக்கவாட்டிலும் தலைக்கு மேலிருந்தும் வரும் அட்மாஸ் ஒலி. சென்னையிலிருந்தே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நமக்கோ பக்கத்து ஊர். சென்னையில் வடபழனி மாலிலும் வேளச்சேரி மாலிலும் ஐமேக்ஸ் என்னும், உயரம் கூடிய பெருந்திரை இருக்கிறது. (வடபழனி மால் நிற்பது பழைய விஜயா-வாஹினி ஸ்டூடியோ இருந்த இடத்தில். மாயாபஜாரைத் தயாரித்த விஜயா நிறுவனத்தின் ஸ்டூடியோதான் அது.) மூன்றாவது, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரத்துச் சாதாரணத் தியேட்டர். திரை முப்பது, நாற்பதடி இருக்கும்.

அடியைவிட முக்கியமானது, உட்காரும் இடத்திலிருந்து திரை நம் கண்ணுக்கு எத்தனை பாகை விரிகிறது என்பது. நூறடித் திரைக்கு நூறடி தள்ளி உட்கார்ந்தால் ஏறக்குறைய 53 பாகை. நாற்பதடித் திரைக்கு அறுபதடி தள்ளி உட்கார்ந்தால் 37. வீட்டில் 55 அங்குல டிவியின் அகலம் நான்கடி. எட்டடி தள்ளிப் பார்த்தால் 28, ஆறடியில் பார்த்தால் அதுவும் 37. கணக்குப்படி பார்த்தால், உள்ளூர்த் தியேட்டரில் அறுபதடி தள்ளிய இருக்கைக்கும் டிவிக்கு ஆறடியில் போட்ட நாற்காலிக்கும் விரிவில் வித்தியாசம் இல்லை. இருட்டும் ஒலியும் கூட்டமும்தான் மிச்ச வித்தியாசம். உள்ளூர்த் தியேட்டரில் பின்வரிசையை "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று விற்பது பழைய வழக்கம். இந்த வகைப் படத்துக்கு அது வீண். திரை அகலத்தைப்போல் ஒன்று முதல் ஒன்றரை மடங்கு தொலைவில், நடுவில் உட்கார வேண்டும். நாற்பதடித் திரைக்கு அது நாற்பது முதல் அறுபதடிக்குள் வரும்.

நூறடித் திரையில் இதற்கு நேர்மாறான சிக்கல். முன்பாதியில் உட்கார்ந்தால் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கேமரா வேகமாகப் பறக்கும் காட்சியில் வயிற்றைப் பிரட்டும். பேருந்தில் குமட்டல் வரும் ஆட்களுக்கு இங்கேயும் வரும், காரணம் ஒன்றேதான்: கண் "நகர்கிறோம்" என்கிறது, உள்காது "இல்லை" என்கிறது. அப்போது கண்ணை மூடிக்கொள்ளலாம், அல்லது வெளியேறும் வழியின் விளக்கையோ முன் இருக்கையின் முதுகையோ அரை நிமிடம் பார்க்கலாம். இன்னொன்று, படத்தின் நுணுக்கம். 2கே கோப்பாக இருந்தால் அகலத்துக்கு 2048 புள்ளிகள். நூறடியில் பரப்பினால் ஒவ்வொரு புள்ளியும் அரை அங்குலத்துக்கு மேல். முன்வரிசையில் சொரசொரப்பு தெரியும். பெரிய திரைக்குப் போகிறவர்கள் பின்பக்க மூன்றில் ஒரு பங்கில், நடுவாக எடுப்பது நல்லது. சின்னத் தியேட்டருக்கு முன்னே, பெரிய தியேட்டருக்குப் பின்னே.

பின்னே போனாலும் ஒரு நுண்ணிய விலை இருக்கிறது. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் எழும்புவதை ஆரம்பாக்கத்தில் பார்ப்பவருக்குச் சத்தம் ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் வரும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். தியேட்டருக்குள்ளும் அதே கதை, சிறிய அளவில். திரைக்குப் பின்னாலுள்ள ஸ்பீக்கரிலிருந்து நூறடி வருவதற்குள் படம் இரண்டு ஃபிரேம் ஓடிவிடும். டப்பிங்கில் உதடு ஏற்கெனவே பொருந்தாத இடத்தில் இது இன்னும் கொஞ்சம் கூட்டும். கவனித்துப் பார்த்தால்தான் தெரியும், பெரும்பாலோருக்குத் தெரியாது.

ஐமேக்ஸின் கூடுதல் விரிவு எல்லாப் படத்துக்கும் கிடைப்பதில்லை. சாதாரண அகலத்திரைப் படம் 2.39-க்கு 1 என்ற விகிதம். சென்னை ஐமேக்ஸ் திரை 1.90-க்கு 1. அந்த விகிதத்துக்கென்று எடுத்த காட்சிகளில் மேலும் கீழுமாக ஏறக்குறைய 26 விழுக்காடு கூடுதல் படம் தெரியும். படம் முழுதும் 2.39-இல் இருந்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைதான். பயணச் செலவு ஏறும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். தமிழ்ப் பதிப்பு ஐமேக்ஸில் கிடைக்கிறதா என்பதையும் ஒவ்வொரு படத்துக்கும் தனியாகப் பார்க்க வேண்டும், ஆங்கிலம் மட்டும் என்றிருப்பது சாதாரணம்.

3டி: எப்போது வேண்டாம்

நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாக 2டிதான் பரிந்துரை. காரணம் வெளிச்சம். 2டிக்கான தரநிலை, திரை நடுவில் 48 நிட்ஸ் (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அலகு). 3டியில் வடிகட்டியும் கண்ணாடியும் விழுங்கியது போக அதில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும், நன்றாகப் பராமரித்த இடத்தில் பாதி. வயது கூடக் கூடக் கண்ணுக்குள் போகும் வெளிச்சமும் குறைகிறது. புரை விழத் தொடங்கியிருந்தால் இன்னும் குறையும். இருபது வயதுப் பிள்ளை "சூப்பரா இருக்கு" என்னும் அதே இரவுக் காட்சி அறுபது வயதுக்காரருக்குக் கரிய குழம்பாகத் தெரிவது இதனால்தான். திரை பெரிதாகப் பெரிதாகச் சிக்கலும் பெருகும்: அகலம் இரண்டரை மடங்கானால் பரப்பு ஆறு மடங்குக்கு மேல், அவ்வளவு வெளிச்சமும் வேண்டும். ஆக, பெரிய திரையில் 2டியும் 3டியும் இரண்டுமே இருந்தால், பெரியவர்களுக்கு 2டி காட்சியைத் தேடிப் பிடிக்கலாம்.

ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைந்தவர், மாறுகண் உள்ளவர், ஒரு கண்ணுக்கு மட்டும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர், தூரத்துக்கு ஒரு கண்ணும் கிட்டத்துக்கு ஒரு கண்ணுமாக லென்ஸ் வைத்தவர் ஆகியோருக்கு 3டியின் ஆழம் சரியாகத் தெரியாது. தலைவலி மட்டும் மிஞ்சும். பவர் கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றிவிட்டு 3டி கண்ணாடி போடக் கூடாது, இரண்டையும் சேர்த்துத்தான் போட வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் மின்னல்போல் வெட்டும் காட்சிகள் நிறைந்த படத்துக்கு மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம்.

3டியில்தான் பார்ப்பது என்று முடிவானால், டிரெய்லர் ஓடும்போதே கண்ணாடியைச் சோதித்துவிட வேண்டும். முதலில் கைக்குட்டையாலோ புடவைத் தலைப்பாலோ துடையுங்கள், எண்ணெய்க் கறை இருந்தால் எல்லா விளக்கையும் சுற்றி வட்டம் தெரியும். பிறகு ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், அடுத்து மற்றொன்றை. இரண்டிலும் படம் ஒன்றாகத் தெளிந்து தெரிய வேண்டும். ஒன்றில் இரட்டையாகத் தெரிந்தால் கண்ணாடியில் கோளாறு இருக்கலாம், மாற்றிக் கேளுங்கள். ஆழம் ஏதோ முரணாக, பின்னால் இருக்க வேண்டியது முன்னால் துருத்துவதுபோல் இருந்தால், கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். பேட்டரி இல்லாத சாதாரணக் கண்ணாடியில் அப்போது சரியாகத் தெரிந்தால், வலது கண் படமும் இடது கண் படமும் இடம் மாறி ஓடுகிறது என்று அர்த்தம். அரங்கு முழுவதுக்கும் உள்ள கோளாறு அது. உடனே ஆள் அனுப்பி ஆபரேட்டரிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவார். எல்லாரும் "3டின்னா இப்படித்தான் போல" என்று பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால்தான் இது முழுப் படத்துக்கும் நீடிக்கிறது.

2டி காட்சியிலும் படம் இருண்டு தெரிந்தால் இரண்டு காரணங்கள் வழக்கமானவை. ஒன்று, முந்தைய 3டி காட்சிக்கு ப்ரொஜெக்டர் லென்ஸ் முன்னால் வைத்த வடிகட்டியை எடுக்க மறந்திருப்பார்கள். இன்னொன்று, ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் செனான் விளக்கு வயதாகி மங்கியிருக்கும். முதலாவதை அங்கேயே சரிசெய்யலாம். இரண்டாவதற்கு அன்று வழியில்லை, அடுத்த முறை வேறு தியேட்டர்தான். லேசர் ப்ரொஜெக்டர் உள்ள இடங்களில் இந்த மங்கல் மிக மெதுவாகத்தான் வரும்.

மணிக்கணக்கும் உடம்பும்

இரண்டாவது 'அவதார்' 192 நிமிடம். விளம்பரம், டிரெய்லர், இடைவேளை சேர்த்தால் உள்ளே இருப்பது மூன்றே முக்கால் மணி நேரத்தை நெருங்கும். கும்மிடிப்பூண்டியிலிருந்து கணக்குப் போட்டால், உள்ளூர்த் தியேட்டருக்கு அரை நாள். சூலூர்பேட்டைக்குச் சாலை வழியாகப் போகவர ஒன்றரை, இரண்டு மணி நேரம் சேர்த்து ஐந்தரை, ஆறு மணி நேரம். வடபழனிக்கு மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து பச்சை வழி மெட்ரோ ஏறி இறங்கினால், ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல். மொத்தம் எட்டு மணி நேரம், அதாவது ஒரு நாள் விடுப்பு. சூலூர்பேட்டை வரை போகும் மின்சார ரயில்கள் எண்ணிக்கையில் குறைவு. மாலைக் காட்சி முடிந்து வெளியே வரும்போது திரும்பும் ரயில் இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். ரயிலை நம்பிப் போவதென்றால் காலைக் காட்சிதான் சரி.

ஹாலிவுட் படங்களில் இடைவேளைக்கென்று இடம் விட்டிருக்காது. படத்தின் நடுவே ஏதோ ஒரு நிமிடத்தில் தியேட்டர்தான் வெட்டும். சில சமயம் வசனத்தின் பாதியிலேயே விளக்கு எரியும். இடைவேளை முன்னதாக வந்துவிட்டால் இரண்டாம் பகுதி இரண்டு மணி நேரம் நீளும். சர்க்கரை உள்ளவர்களும் நீர் பிரிய மாத்திரை போடுபவர்களும் நடைபாதை ஓரத்து இருக்கை எடுப்பது அவசியம். முன்னே சொன்ன "நடுவில் உட்காருங்கள்" என்ற யோசனையை இவர்களுக்காகத் தாராளமாக மீறலாம். வெளி உணவைத் தடுக்கும் உரிமை தியேட்டருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவை அனுமதிக்க வேண்டும். தண்ணீர் எங்கே என்று கேட்டு வாங்குங்கள். ஒரு சால்வை, மாத்திரை, காதுக்குக் கொஞ்சம் பஞ்சு போதும். காதுக்கருவி போடுபவர்கள் சண்டைக் காட்சிகளுக்கு முன் ஒலியைக் குறைத்துக்கொள்ளலாம்.

குழந்தைகளைச் சேர்த்துப் போவதாக இருந்தால், தணிக்கைச் சான்றிதழில் இப்போது யு/ஏ 7+, 13+, 16+ என்று தனித்தனியாக வயது குறிப்பிடுகிறார்கள். 2024 விதிகளில் வந்தது. 16+ என்று இருக்கும் அறிவியல் புனைவில் உடல் சிதையும் காட்சிகள் இருக்க வாய்ப்பு அதிகம், பெரியவர்களிலும் சிலருக்கு அது ஒவ்வாது. படம் தொடங்கும்போது திரையில் வரும் சான்றிதழில் நீளமும் இருக்கும். அங்கே பார்ப்பதைவிட முன்பதிவின்போதே பார்ப்பது நல்லது.

பணத்தைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. 2025 செப்டம்பர் 22 முதல், 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு, அதற்கு மேல் 18. சின்னத் தியேட்டர் பக்கம் நிற்பவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதல். ஐந்து பேர் செயலியில் பதிவு செய்தால் வசதிக் கட்டணமும் 3டி கண்ணாடிக் கட்டணமும் ஐந்து மடங்காகும். வாரநாள் காலைக் காட்சிக்குக் கவுன்ட்டரில் எடுத்தாலே இடம் கிடைக்கும்.

டிவிக்குக் காத்திருப்பது

திரையரங்கில் ஓடி சில வாரங்களிலோ மாதங்களிலோ ஓடிடியில் வந்துவிடும், பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் ஒரே பொத்தானில். கதையே சிக்கலான படங்களுக்கு, நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டுப் பார்க்கும் வசதி சாதாரணமானதல்ல. எதற்காக அந்த ஆள் அழுகிறான் என்று பாட்டி கேட்கலாம். தியேட்டரில் கேட்க முடியாது. டிவியில் இரண்டு அமைப்புகளை மட்டும் மாற்றினால் போதும். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அது இருந்தால் கோடி கோடியாகச் செலவழித்த காட்சி மெகா சீரியல் போலத் தெரியும். படமுறையை 'சினிமா' என்று வையுங்கள். விளக்கை அணைத்து நாற்காலியை ஆறடிக்கு நகர்த்துங்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் வசனம் அமுங்கி வெடிச்சத்தம் மட்டும் எகிறும், ஒலி அமைப்பில் 'குரல் தெளிவு' போன்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள்.

இழப்பு என்னவென்றால் அளவு. வானத்தையே மறைக்கும் ஒரு கப்பல் திரையில் நுழையும்போது ஏற்படும் பிரமிப்பு நான்கடி டிவியில் வராது. அந்த ஒன்றுக்காக மட்டுமே எடுத்த படங்கள் டிவியில் வெறுங்கூடாக நிற்கும். கதை தாங்கும் படங்கள் நிற்கும்.

இந்த வட்டாரத்து வீடுகளுக்கு

வீட்டில் எல்லாருக்கும் தமிழ்தான் தெளிவு என்றால், கதை உறவைச் சுற்றியது என்றால், உள்ளூரில் தமிழ் 2டி காட்சியே போதும், முன் நடுவரிசையில். நூறடித் திரையில் தெலுங்கில் பாதி புரிந்து பார்ப்பதைவிட, நாற்பதடியில் முழுதும் புரிந்து பார்ப்பது பெரியவர்களுக்கு நிறைவு தரும். இதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. தெலுங்குச் செய்தி பார்க்கும் வீடு என்றால் சூலூர்பேட்டையை விட்டு வேறெங்கும் போகக் காரணமே இல்லை. பக்கம், பெரியது, மொழியும் நம்முடையது.

ஐமேக்ஸுக்கான பயணம், 1.90 விகிதத்தில் நிறையக் காட்சிகள் எடுத்த படத்துக்கும், ஆங்கிலம் தெளிவாகப் புரிபவருக்கும், சென்னையில் வேறு வேலையும் இருக்கும் நாளுக்கும் மட்டும். பாட்டிக்கு அது வேண்டாம். ஆனால் பாட்டியையே விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம். கடலும் காடும் மிருகமும் நிறைந்த படமாக இருந்தால் வீட்டில் வேறு யாரையும்விட அவர்தான் அதிகம் ரசிப்பார். காலைக் காட்சி, 2டி, ஓரத்து இருக்கை, அவருடைய மொழி. இடைவேளையில் அவரே "போதும்" என்றால் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிடத் தயாராக, வண்டிக்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.